ரகசிய ஏவுதளத்தைக் கண்டுபிடித்த இயற்பியல் வகுப்பு

கருவியும் கனவும் – 14

இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ என்ற கற்பித்தல் கணினியையும், அதற்காகவே பிறந்த பிளாஸ்மா திரையையும் சென்ற வாரம் பார்த்தாயிற்று. தவறவிட்டவர்கள் பழைய இதழை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வாரம் எர்த்காம் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். விண்வெளியில் இருக்கும் கேமராவைப் பள்ளிப் பிள்ளைகள் தரையிலிருந்தே குறிபார்த்து இயக்கும் திட்டம் அது. எழுதத்தான் உட்கார்ந்தேன். எர்த்காமுக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்கும் விண்வெளிக்கும் என்ன தொடர்பு இருந்தது என்று ஒரு பத்தி எழுதலாமே என்று பின்னோக்கித் தேடப் போனேன். அந்தத் தேடல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில், செருப்புத் தொழிலுக்குப் பேர்போன கெட்டரிங் என்ற சிறு நகரத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கிருந்து நகர மனம் வரவில்லை. இதழ் அச்சுக்குப் போகும் நேரம் நெருங்கிவிட்டது; கையில் இருப்பதும் கெட்டரிங் மட்டும்தான்.

கெட்டரிங் கிராமர் ஸ்கூலில் ஜெஃப்ரி பெரி என்று ஓர் இயற்பியல் ஆசிரியர் இருந்தார். டாப்ளர் விளைவை எப்படி நடத்துவது என்பது அவருடைய பிரச்சினை. நம்மூர்ப் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்திலும் அலைகள் பாடத்தில் வருகிற அதே டாப்ளர்தான். ஒலியெழுப்பும் பொருள் நம்மை நோக்கி வரும்போது சுருதி ஏறும், விலகிப் போகும்போது இறங்கும். சூத்திரத்தை எழுதிப்போட்டு, நான்கு கணக்குப் போட்டு, அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம். பெரும்பாலான வகுப்புகளில் நடப்பதும் அதுதான்.

அதே பள்ளியின் வேதியியல் ஆசிரியர் டெரெக் ஸ்லேட்டர் வானொலியில் ஆர்வம் உள்ளவர். 1960 மே மாதம் சோவியத் யூனியன் ஸ்புட்னிக் 4 கலத்தை ஏவியது. அதன் சமிக்ஞையை ஸ்லேட்டர் தன் ஷார்ட்வேவ் ரிசீவரில் பிடித்தார். பெரிக்குப் பொறி தட்டியது. நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடுகிற ஒரு பொருள், ஒரே அலைவரிசையில் விடாமல் சமிக்ஞை அனுப்பிக்கொண்டு, நம் தலைக்கு மேலேயே போகிறது. டாப்ளரை நடத்த இதைவிட நல்ல உபகரணத்தை எந்த ஆய்வகத்துக்கு யார் வாங்கித் தர முடியும்?

இது நடக்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சோவியத் கலங்கள் 20 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசைகளில் பேசின. கலம் அடிவானத்தில் எழும்போது அந்த அலைவரிசை சுமார் 500 ஹெர்ட்ஸ் கூடுதலாகக் கேட்கும். மறையும்போது ஏறக்குறைய அதே அளவு குறைந்து கேட்கும். ரிசீவரில் இது காதுக்கே தெரிகிற வித்தியாசம். சுருதி இறங்குவதை நிமிடம் நொடியோடு குறித்து வரைபடத் தாளில் போட்டால் ஒரு வளைகோடு வரும். கோடு மிகச் செங்குத்தாக விழுகிற கணம்தான் கலம் நமக்கு மிக அருகில் வந்த கணம். அடுத்த சுற்றிலும் அந்தக் கணத்தைக் குறித்தால், ஒரு முறை பூமியைச் சுற்ற எவ்வளவு நேரம் என்று கிடைத்துவிடும். பெரும்பாலும் தொண்ணூறு நிமிடத்தை ஒட்டி வரும். அதற்குள் பூமி தன் அச்சில் இருபத்திரண்டரை டிகிரி திரும்பியிருக்கும். ஆகவே அடுத்த சுற்றில் கலம் அவ்வளவு மேற்கே தள்ளித் தென்படும். ரேடியோ, கடிகாரம், வரைபடத் தாள், ஒரு பூகோள உருண்டை. உலகின் எந்தப் பகுதிக்கு மேலே கலம் எப்போது போகும் என்று மாணவர்களால் கணக்கிட்டுச் சொல்ல இவை போதும்.

ஒரு பாடத்துக்காகத் தொடங்கியது பழக்கமாயிற்று. பெரியும் மாணவர்களும் ஆண்டுக்கணக்கில் கேட்டார்கள், குறித்தார்கள், வரைந்தார்கள். சோவியத் யூனியன் அப்போது கோஸ்மோஸ் என்ற ஒரே பெயரில் வரிசை எண் போட்டுக் கலங்களை ஏவிக்கொண்டிருந்தது. உளவுக் கலமும் கோஸ்மோஸ், ஆராய்ச்சிக் கலமும் கோஸ்மோஸ். எதற்காக ஏவினார்கள் என்று சொல்வதில்லை. ஆனால் சுற்றுக்காலம், உயரம், நிலநடுக்கோட்டோடு சுற்றுப்பாதை கொண்டிருக்கும் சாய்வு ஆகியவற்றை மட்டும் டாஸ் செய்தி நிறுவனம் அறிவித்துவிடும். அறிவிப்பும் உண்டு, காதால் கேட்ட சமிக்ஞையும் உண்டு. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் எவை ஒரே வகைக் கலங்கள் என்பது அவர்களுக்குப் பிடிபடத் தொடங்கியது. சில கலங்கள் எட்டு நாள் சுற்றிவிட்டுத் தரையிறங்கிவிடும். படம் எடுத்த ஃபிலிமைக் கீழே கொண்டுவர வேண்டிய உளவுக் கலங்கள் அவை.

1966 மார்ச் 17ஆம் தேதி கோஸ்மோஸ் 112 ஏவப்பட்டது. அந்த வகைக் கலங்கள் வழக்கமாக 65 டிகிரி சாய்வில் அல்லது அதற்கும் குறைவாகச் சுற்றும். இது 72 டிகிரியில் சுற்றியது. பாதையைப் பின்னோக்கி வரைந்து, ஏவப்பட்ட நேரத்தில் எங்கே இருந்திருக்க வேண்டும் என்று பார்த்தால், அந்த வகைக் கலங்கள் வழக்கமாகப் புறப்படும் பைக்கனூர் ஏவுதளத்தை அது தொடவில்லை. அப்படியானால் வேறெங்கிருந்தோ புறப்பட்டிருக்கிறது. ஒரு பாதை ஒரு கோட்டைத்தான் தரும். அந்தக் கோட்டில் எந்த இடம் என்று சொல்லாது. கெட்டரிங் காத்திருந்தது. அடுத்தடுத்துப் போன சில கலங்களின் சாய்வும் முதலாவதை ஒட்டியே இருந்ததால் அவையும் உதவவில்லை. அக்டோபரில் கோஸ்மோஸ் 129 போனது. இதன் சாய்வு 65 டிகிரி. கோணம் மாறியதும் கோடு மாறியது. இரண்டு கோடுகளும் ஓர் இடத்தில் வெட்டிக்கொண்டன. வடக்கு ரஷ்யாவில், ஆர்க்காங்கெல்ஸ்க் நகருக்குத் தெற்கே, பிளெசெட்ஸ்க் என்ற சிற்றூருக்குப் பக்கம்.

சோவியத் அரசு வெளியே சொல்லாத ஓர் ஏவுதளம் அங்கே இருப்பதை ஒரு பள்ளிக்கூடம் அந்த ஆண்டு முடிவதற்குள் உலகத்துக்கு அறிவித்துவிட்டது. மாஸ்கோ அதை ஒப்புக்கொண்டது 1983இல். அதற்குள் கோஸ்மோஸ் 129 போன நேரத்தில் பள்ளியில் இருந்த மேல் வகுப்புப் பையன்கள் முப்பது வயதைத் தாண்டியிருப்பார்கள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் உலகிலேயே மிக அதிக ராக்கெட்டுகள் புறப்பட்ட இடமும் அந்தப் பிளெசெட்ஸ்க்தான்.

இதில் இன்னொன்று இருக்கிறது. 1960 மே 1ஆம் தேதி சோவியத் வான்வெளியில் சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க யு-2 உளவு விமானமும் அதன் விமானி கேரி பவர்ஸும் பலருக்கு நினைவிருக்கும். அன்றைய பறத்தலில் பவர்ஸ் படம் எடுக்க வேண்டிய இடங்களில் ஒன்று பிளெசெட்ஸ்க். அப்போது அது ஏவுகணைத் தளம். விமானம் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் பக்கத்திலேயே வீழ்ந்ததால் பவர்ஸ் அங்கே போய்ச் சேரவில்லை. அதே மாதம் 15ஆம் தேதி ஏவப்பட்டதுதான் கெட்டரிங் ரிசீவரில் விழுந்த ஸ்புட்னிக் 4. அமெரிக்க உளவுத்துறைக்குப் பிளெசெட்ஸ்க் ஏற்கெனவே தெரிந்த பெயர் என்பது உண்மை. ஆனால் தெரிந்ததைப் பூட்டி வைப்பது அவர்களுடைய தொழில். பொதுமக்களுக்குச் சொன்னது பள்ளிக்கூடம். இந்த இரண்டு தேதிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

சரி, வாழ்க்கைத் தொழிலைத் தேர்ந்தெடுப்பதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இந்தத் தொடரே அதற்காகத்தானே.

இன்று பல பள்ளிகளில் தொழில் வழிகாட்டல் என்ற பெயரில் நடப்பதைப் பாருங்கள். பிள்ளை கையில் டேப்லெட்டைக் கொடுக்கிறோம். வரிசையாகக் கேள்விகள். உனக்கு மனிதர்களோடு பழகப் பிடிக்குமா, எண்களோடு பழகப் பிடிக்குமா? வெளியே சுற்றி வேலை பார்ப்பாயா, உட்கார்ந்தா? கடைசியில் திரை ஒரு பட்டியலைக் காட்டும். இதில் அடிப்படையிலேயே ஒரு கோளாறு உண்டு. செய்தே பார்க்காத வேலை பிடிக்குமா பிடிக்காதா என்று ஒரு பிள்ளை எப்படிச் சொல்லும்? வீட்டில் பார்த்ததையும் சினிமாவில் பார்த்ததையும் வைத்துத்தான் பதில் வரும். டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு மருத்துவம் தெரியும். தறி ஓட்டும் வீட்டுப் பிள்ளைக்குச் சமிக்ஞைப் பகுப்பாய்வு என்று ஒரு தொழில் இருப்பதே தெரியாது. தெரியாததைத் திரை கேட்காது. அது பட்டியலில் வந்தாலும் பிள்ளையின் மனதில் ஒட்டாது. விலை உயர்ந்த கருவி, பழைய வட்டத்துக்குள்ளேயே பிள்ளையைச் சுற்ற விடுகிறது.

கெட்டரிங்கில் நடந்த வேலையைப் பிரித்துப் பாருங்கள். இரைச்சலுக்கு நடுவே மெல்லிய ஒலியைப் பிரித்தறிகிற காது ஒருவனுக்கு வேண்டும். நேரத்தைப் பிசகாமல் எழுதுகிற கை இன்னொருவனுக்கு. கோளத்தின் மேல் பாதையை வரைய வடிவியல் தெரிந்தவன் வேண்டும். பழைய குறிப்பேடுகளைப் புரட்டி, இது போன மாதம் வந்ததைப் போலவே இருக்கிறதே என்று கண்டுசொல்கிறவன் வேண்டும். கண்டதைப் பத்திரிகைக்காரருக்குப் புரிகிற மொழியில் சொல்ல ஆள் வேண்டும். ஐந்தும் ஐந்து தொழில்கள். ஒவ்வொன்றையும் செய்துபார்த்து, எது தனக்குக் கைவருகிறது, எதில் நேரம் போவது தெரியவில்லை என்று பையன் தானே அறிந்துகொள்ளலாம். இன்னும் முக்கியமானது, விடை ஆசிரியருக்கும் தெரியாது. பெரி, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையை வைத்துக்கொண்டு மாணவனைச் சோதிக்கவில்லை. கோஸ்மோஸ் 112 எங்கிருந்து கிளம்பியது என்பது அவருக்கும் புதிர்தான். பதினாறு வயதுப் பையன் எழுதிய ஒரு நேரக் குறிப்பு தவறினால் கோடு தவறும். கோடு தவறினால் கண்டுபிடிப்பே தவறும். தன் உழைப்பு யாருக்கோ நிஜமாகவே தேவைப்படுகிறது என்று பிள்ளை உணர்கிற அந்த இடத்தில்தான் கருவி வகுப்பறைக்குள் உயிரோடு வருகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஸ்மார்ட் போர்டு எத்தனை அங்குலம் என்ற பேச்சு எனக்கு இரண்டாம்பட்சம்.

பெரிக்கு 1973இல் எம்பிஇ என்ற பிரிட்டிஷ் அரசு விருது கிடைத்தது. சோவியத் விண்வெளிச் செய்தி எது வந்தாலும் பிரிட்டனின் ஐடிஎன் தொலைக்காட்சிச் செய்தி நிறுவனம் விளக்கம் கேட்டு அவரிடம்தான் போகும். 2000ஆம் ஆண்டில் காலமானார்.

ரேடியோவும் விண்வெளியும் சேர்ந்து தொழிலாக மாறிய இன்னொரு கதையும் இங்கிலாந்திலேயே இருக்கிறது. மார்ட்டின் ஸ்வீட்டிங் என்ற அமெச்சூர் ரேடியோக்காரர் (பொழுதுபோக்காக ரேடியோவில் செய்தி அனுப்பிப் பெறுபவர்) சர்ரே பல்கலைக்கழகத்தில் சில நண்பர்களோடு சேர்ந்து, வழக்கமான செலவில் ஒரு சிறு பங்கிலேயே யுஓசாட்-1 என்ற செயற்கைக்கோளைக் கட்டினார். 1981 அக்டோபர் 6ஆம் தேதி நாசா ராக்கெட்டில் அது போனது. அதில் ஒரு குரல் கருவியை வைத்திருந்தார்கள். செயற்கைக்கோளே தன் அளவீடுகளை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லும். கணினி இல்லாத பள்ளியும் சாதாரண ரிசீவரை வைத்துக்கொண்டு எண்களைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். 1985இல் அதே குழுவிலிருந்து ஒரு நிறுவனம் பிறந்தது; சிறிய செயற்கைக்கோள் என்ற தொழிலுக்கே அது முன்னோடியாயிற்று. தென்கொரியாவிலிருந்து சர்ரேக்கு வந்து தங்கள் நாட்டின் முதல் செயற்கைக்கோளைக் கட்டக் கற்றுக்கொண்ட மாணவர்கள், ஊர் திரும்பிச் சொந்தமாகவே செயற்கைக்கோள் நிறுவனம் தொடங்கினார்கள்.

ரேடியோ, விண்வெளி என்று பேசும்போது ஹெலன் ஷார்மனைச் சொல்லாமல் விட முடியாது. மார்ஸ் சாக்லேட் நிறுவனத்தில் வேதியியலாளராக இருந்தவர். 1989இல் ஒரு நாள் வேலை முடிந்து கார் ஓட்டிக்கொண்டு வீடு திரும்பும்போது ரேடியோவில் ஒரு விளம்பரம் கேட்டது: விண்வெளி வீரர் தேவை, முன் அனுபவம் அவசியமில்லை. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 13,000 பேர். 1991 மே மாதம் சோயூஸ் கலத்தில் ஏறி சோவியத் யூனியனின் மிர் விண்வெளி நிலையத்துக்குப் போன முதல் பிரிட்டிஷ் விண்வெளி வீரர் அவர்தான். அங்கிருந்து அமெச்சூர் ரேடியோ வழியாகப் பிரிட்டிஷ் பள்ளிப் பிள்ளைகளோடு பேசினார்.

இந்தியாவில் அமெச்சூர் ரேடியோ உரிமத் தேர்வை 12 வயது நிரம்பிய எவரும் எழுதலாம். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் திறந்திருக்கிற கதவு இது. எத்தனை பள்ளிகளின் அறிவிப்புப் பலகையில் இந்தச் செய்தி ஒட்டப்பட்டிருக்கிறது? ஆசிரியர்களாக இருக்கும் வாசகர்கள் நாளைக்கே எழுதி ஒட்டிவிடுங்கள்.

பக்கம் முடிந்துவிட்டது, எர்த்காம் அடுத்த வாரத்துக்குப் போகிறது. அமெரிக்காவின் முதல் பெண் விண்வெளி வீரர் சாலி ரைடு 1995இல் தொடங்கிய திட்டம் அது. கேமரா எப்போது எந்த இடத்தைப் படமெடுக்க வேண்டும் என்று நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் கணக்குப் போட வேண்டும். அங்கே மேகம் இருக்குமா என்றும் அவர்களே பார்க்க வேண்டும். கூடவே, சர்வதேச விண்வெளி நிலையம் ஒரு பள்ளியின் தலைக்கு மேல் கடந்து போகிற பத்து நிமிடத்துக்குள் பிள்ளைகள் வரிசையில் நின்று கேள்வி கேட்டு முடிப்பதற்கு எத்தனை மாத ஏற்பாடு தேவைப்படுகிறது என்பதையும் பார்ப்போம்.

(தொடரும்)