வகுப்பறைக்கு வெளியேயும் இடைவெளி

2021 ஜனவரி 19 அன்று 10, 12-ஆம் வகுப்புகளுக்குப் பள்ளிகள் திறந்தபோது, வகுப்பறைக்கு 25 மாணவர் என விதிக்கப்பட்டிருந்தது. ஆயினும் மார்ச்சில் தஞ்சாவூர் மாவட்டம் அம்மாப்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மாணவிகளுக்குக் கொரோனா தொற்று உறுதியானது. மாவட்டத்தின் வேறு பள்ளிகளிலும் தொற்று கண்டறியப்பட்டது.

பெஞ்சுகளைத் தள்ளிப் போட்டால் மட்டும் போதாது. முகக்கவசத்தைக் கழற்றுவது மதிய உணவின்போது. தோளோடு தோள் நெருங்குவது குடிநீர்க் குழாயடியிலும் கிராமத்துப் பேருந்திலும். ஆகவே, உணவு இடைவேளையை வகுப்புவாரியாகப் பிரிப்போம். காற்றோட்டமான மரத்தடியில் அமர்த்துவோம். சன்னல்களைத் திறந்தே வைப்போம். எல்லா வகுப்புகளையும் ஒரே மணிக்கு வெளியே விடாதிருப்போம்.

பாடம் போய்விடுமே என்று காய்ச்சலை மறைத்து வரும் பிள்ளைகளும் உண்டு. "வீட்டிலேயே இரு, விடுபட்ட பாடத்தை நான் சொல்லித் தருகிறேன்" என்று அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்போம்.