திருத்தலமும் விருந்தோம்பலும்: மருதமடு கற்றுத் தரும் பாடம்

மன்னார் மறைமாவட்டத்திலுள்ள மருதமடுத் திருத்தலத்தை அறியாத கத்தோலிக்கர் இலங்கையில் இல்லை எனலாம். ஆடி 2ஆம் திகதியும் ஆவணி 15ஆம் திகதியும் அங்கு நடைபெறும் பெருவிழாக்களுக்கு வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் பெருந்தொகையான மக்கள் வருகின்றனர். கத்தோலிக்கர் மட்டுமன்றி இந்துக்களும் பௌத்தர்களும் அன்னையை நாடி வருகின்றனர். வருபவர்களின் பக்தியைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். வருபவர்களை வரவேற்பது பற்றி நாம் இங்கு சிந்திக்க விரும்புகிறோம். வீடு வளவை இழந்து பிறர் காணியில் கொட்டில் போட்டு வாழ்ந்த எமது விவசாயக் குடும்பங்களுக்கு இது புறம்பான விடயம் அன்று.

யாத்திரிகர் என்பவர் யார்?

இலத்தீன் மொழியில் யாத்திரிகரைக் குறிக்கும் சொல் 'பெரெக்ரீனுஸ்' என்பதாகும். இதன் முதற்பொருள் அந்நியர், பிற தேசத்தவர் என்பதே. புனித இடங்களை நோக்கிப் புறப்பட்டவர், வழியில் எல்லா ஊர்களிலும் அந்நியராகவே இருந்தார். ஆகவே அந்தச் சொல்லே பின்னர் அவருக்குப் பெயராயிற்று. அதே மொழியில் 'ஓஸ்பெஸ்' என்ற சொல் விருந்தினரையும் குறிக்கும். அவரை வரவேற்பவரையும் குறிக்கும். நாம் இன்று ஆஸ்பத்திரி என்று சொல்வது இந்த வேரிலிருந்து பிறந்த சொல்லாகும். ஐரோப்பாவில் யாத்திரிகருக்கும் ஏழைகளுக்கும் துறவிகள் நடத்திய விடுதிகளில் நோயாளரும் பராமரிக்கப்பட்டனர். 6ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தமது துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில், விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்றும், ஏழைகளையும் யாத்திரிகரையும் மிகுந்த கவனத்துடன் ஏற்க வேண்டும் என்றும் விதித்தார். பணக்காரருக்கு மரியாதை தானாகவே கிடைத்துவிடும் என்பது அவர் கருத்து.

ஓடி வந்தவர்கள் அமைத்த திருத்தலம்

1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருமார் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். ஒரு குருவுக்கு வீட்டில் இடங்கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. விருந்தோம்பல் உயிருக்கு ஆபத்தான செயலாக இருந்த காலம் அது. 1687இல் கோவாவிலிருந்து கூலியாள் வேடத்தில் வந்த புனித யோசேவ்வாஸ் அடிகளாருக்கு எமது முன்னோர் இரகசியமாகத் தம் வீடுகளைத் திறந்தனர். அந்தக் கதவுகள் மூடப்பட்டிருந்தால் இந்நாட்டில் எமது திருச்சபையின் கதை வேறாக இருந்திருக்கும்.

இந்த நெருக்குதலின் மத்தியில், 1670ஆம் ஆண்டளவில் மாந்தையிலிருந்து 20 கத்தோலிக்கக் குடும்பங்கள் அன்னையின் திருச்சுரூபத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினர் என்பது மரபு. அவர்கள் தங்கிய இடமே மருதமடு. இன்று இலங்கையின் முதன்மையான மரியன்னை திருத்தலத்தை மன்னரோ பெருஞ்செல்வரோ தொடங்கவில்லை. இடம்பெயர்ந்த குடும்பங்களே தொடங்கினர்.

1990இல் போர் மீண்டும் மூண்டபோது பல்லாயிரம் பேர் மடுவில் தஞ்சம் புகுந்தனர். யாத்திரிகர் தங்கும் மடங்களும் மரநிழல்களும் அகதிகளின் இருப்பிடமாயின. புகலிடமும் எப்போதும் பாதுகாப்பாக இருக்கவில்லை. 1999 கார்த்திகை 20ஆம் திகதி திருத்தல வளாகத்தில் எறிகணைகள் வீழ்ந்து, தஞ்சம் புகுந்திருந்தோரில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். 2008 சித்திரையில் போர் நெருங்கியபோது திருச்சுரூபம் தேவன்பிட்டிக்குக் கொண்டு செல்லப்பட்டு, அவ்வாண்டு ஆவணியில் மீண்டும் மடுவுக்குத் திரும்பியது. மக்களைப் போலவே அன்னையும் இடம்பெயர்ந்தாள்.

முகாமில் கற்றது, விழாவில் பயன்படும்

ஒரு விருந்தினருக்கு என்ன தேவை என்பதை முகாமில் வாழ்ந்தவருக்கு எவரும் படிப்பிக்கத் தேவையில்லை. அந்த அனுபவத்தைச் சிறிய பங்குத் திருவிழாவிலும் பயன்படுத்தலாம்.

முதலாவது தண்ணீர். ஆடியும் ஆவணியும் வடபகுதியில் வறண்ட மாதங்கள். கிணறுகள் தாழ்ந்துவிடும். நிவாரணப் பணியாளர் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் என்று கணக்கிடுவர். தங்கிச் சமைக்கும் யாத்திரிகருக்கும் இக்கணக்கு ஏற்றதே. குடிநீரைக் கொதிக்கவைக்க வேண்டும் அல்லது குளோரின் இட வேண்டும்.

இரண்டாவது மலசலகூடம். இது கிணற்றிலிருந்து குறைந்தது 30 மீற்றர் தள்ளியிருக்க வேண்டும். பெண்களுக்குத் தனியாகவும், இரவில் வெளிச்சத்துடனும் இருக்க வேண்டும். முகாமில் இருளுக்குப் பயந்து தாகத்தை அடக்கிய தாய்மாருக்கு இதன் அருமை தெரியும்.

மூன்றாவது சுகநலம். வயிற்றோட்டம் கண்டவருக்கு உடனே கொடுக்க ஜீவனிக் கரைசல் ஆயத்தமாக இருக்கட்டும். பாம்புக்கடிக்குக் காப்பு என்று யாத்திரிகர் மடு மண்ணை எடுத்துச் செல்வது பழைய வழக்கம். அந்தப் பக்தியை நாம் மதிக்கிறோம். ஆயினும் பாம்பு தீண்டியவரைத் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

நான்காவது மொழி. கிணறு எங்கே, மருந்து எங்கே என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைப்பது சிறிய வேலை. வந்தவர் தாம் மதிக்கப்படுவதாக உணர்வார்.

ஐந்தாவது நேர்மை. தேங்காய், மரக்கறி, கிடுகு, விறகு விற்று எமது குடும்பங்கள் நாலு காசு காண்பதில் தவறில்லை. விழாக் காலம் என்று விலையை இரட்டிப்பாக்குவதும், குடிக்கும் தண்ணீருக்குக் காசு கேட்பதும் தவறு.

கடினமான கேள்வி

'எங்கள் காணிக்கே நாங்கள் திரும்ப முடியாதிருந்தபோது, பேருந்து பேருந்தாக வருபவர்களை ஏன் வரவேற்க வேண்டும்?' போர் 2009இல் முடிந்த பின்னர் இக்கேள்வி எமது மக்களிடையே எழுந்தது. இது நியாயமான மனத்தாங்கலே. விருந்தோம்பல் என்பது உரிமையைக் கைவிடுவது அன்று. காணி கேட்கும் விண்ணப்பத்தையும் காணாமற்போனோரைத் தேடும் குரலையும் விருந்தினருக்காக ஒளித்துவைக்க வேண்டியதில்லை. தண்ணீர் கொடுத்த கையோடு நடந்ததையும் சொல்லலாம். எமது வீட்டு வாசலில் அமர்ந்து கேட்கும் மனிதருக்கு அது செய்தித்தாளில் வாசிப்பதைவிட ஆழமாக விளங்கும்.

முகாமில் நாம் வரிசையில் நின்று வாங்குபவர்களாகவே கணக்கிடப்பட்டோம். விருந்தினருக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுப்பவர் அந்தக் கணக்கிலிருந்து வெளியே வருகிறார். மீண்டும் ஒரு வீட்டுக்காரராகிறார். ஆகவே அடுத்த திருவிழாவுக்கு முன்னர் ஒவ்வொரு ஊரிலும் ஐந்தாறு குடும்பங்கள் கூடி, கிணற்றை இறைத்துச் சுத்தஞ்செய்து, நிழலுக்கு ஒரு கொட்டில் போட்டு, யார் எந்த வேலையைப் பொறுப்பேற்பது என்று தீர்மானிப்பார்களாக. 1670இல் காட்டுக்குள் ஓடிவந்த அந்த 20 குடும்பங்களிடமும் இதைவிட அதிகம் இருந்திராது.