அழித்தது அழிந்ததா?

ஓட்டை வாளியைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டால் அதனோடு கணக்குத் தீர்ந்தது. பழைய கைப்பேசியையும் மடிக்கணினியையும் அவ்வாறே போட்டுவிடலாம் என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். ஆனால் வாளிக்கு நினைவு கிடையாது, இவற்றுக்கு உண்டு.

தில்லியில் பயிலும் நாம், விடுதி அறையைக் காலி செய்யும்போது பழைய கருவிகளைக் கபாடிவாலாவிடம் எடைக்குக் கொடுத்துவிடுகிறோம். அவற்றுள் பல, சீலம்பூர் போன்ற இடங்களில் பிரிக்கப்படுகின்றன. பிழைக்கக்கூடியவை மீண்டும் விலைக்கு வருகின்றன. நான் சமூகவியல் ஆராய்ச்சி மாணவன். என் கணினியில் என் மதிப்பெண் பட்டியலும் ஆதார் படியும் மட்டுமா இருக்கின்றன? என்னை நம்பித் தம் கடனையும் நோயையும் எடுத்துரைத்த எளிய மக்களின் பெயர்களும் குரல்களும் அன்றோ இருக்கின்றன! அவற்றைத் தெருவில் விட எனக்கு உரிமை ஏது? இது பற்றி நான் அறிந்தவற்றை நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு கோப்பை நாம் அழிக்கும்போது நிகழ்வது யாது? புத்தகத்தின் பொருளடக்கத்திலிருந்து ஓர் அத்தியாயத்தின் பெயரை மட்டும் அடித்துவிட்டு, பக்கங்களை அப்படியே விட்டுவைப்பது போன்றது அது. அவ்விடத்தில் வேறொன்று எழுதப்படும் வரையில், எளிய மென்பொருளைக் கொண்டே பழையதைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர்களான சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் என்னும் இருவர் 158 பழைய வன்தட்டுகளை விலைக்கு வாங்கி ஆராய்ந்தனர். 2003இல் வெளியான அவர்களுடைய கட்டுரையின்படி, படிக்க முடிந்த 129 தட்டுகளில் முறையாகத் துடைக்கப்பட்டவை 12 மட்டுமே. எஞ்சியவற்றில் கடன் அட்டை எண்களும் மருத்துவச் செய்திகளும் கிடந்தன.

அப்படியானால் செய்யத்தக்கது என்ன? முதலில், வேண்டியவற்றைப் படியெடுத்துக்கொள்க. கணக்குகள் அனைத்திலிருந்தும் வெளியேறுக. சிம் அட்டையையும் நினைவக அட்டையையும் கழற்றிக்கொள்க. அதன்பின் கருவியின் வகையை நோக்க வேண்டும்.

சுழலும் காந்தத் தட்டுடைய ஹார்டு டிஸ்க் எனில், தட்டு முழுவதன் மீதும் ஒருமுறை சுழியங்களை எழுதும் மென்பொருள் போதும். பன்முறை எழுத வேண்டும் என்னும் பழைய எண்ணம் இன்றையத் தட்டுகளுக்குப் பொருந்தாது. கைப்பேசியும் எஸ்.எஸ்.டி.யும் வேறு வகை. அவற்றின் சில்லுகள் விரைவில் தேயாதிருக்க, எழுதுவதை உள்ளே இடம் மாற்றி மாற்றி வைக்கும் ஏற்பாடு உண்டு. ஆதலால் மேலே எழுதினாலும் பழைய படி எங்கேனும் தங்கிவிடலாம். இதற்கு மருந்து மறையாக்கம். செய்தி முழுவதும் ஒரு திறவுகோலால் பூட்டி எழுதப்பட்டிருந்தால், திறவுகோலை அழித்தாலே போதும். எஞ்சுவது பொருளற்ற எழுத்துக்குவியல்தான். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், அம்முறையுடன் வெளிவரும் புதிய கைப்பேசிகள் அனைத்துக்கும் இப்பூட்டு கட்டாயம். அவற்றில் அமைப்புப் பகுதிக்குச் சென்று ஃபேக்டரி ரீசெட் செய்தால் திறவுகோல் ஒழியும். பழைய கைப்பேசியாயின் முதலில் மறையாக்கத்தை இயக்கிவிட்டுப் பின்னர் ரீசெட் செய்க. எஸ்.எஸ்.டி.க்குத் தயாரிப்பாளரே தரும் அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்துக.

கருவி உயிர்பெறவே மறுத்தால் உடைப்பதே வழி. ஹார்டு டிஸ்க்கின் உள்தட்டுகளைத் துளைத்து வளைக்கலாம், எஸ்.எஸ்.டி.யில் ஒவ்வொரு நினைவகச் சில்லையும் நொறுக்க வேண்டும். அதனிடம் காந்தம் பலிக்காது. பேட்டரியை மட்டும் முதலில் அகற்றிவிடுக. அதைக் குத்தினால் தீப்பிடிக்கும்.

துடைத்த பின்னும் குப்பையில் எறிதல் தகாது. அமிலத்தில் இட்டு உலோகம் பிரிக்கும் ஏழைத் தொழிலாளியின் உடல்நலம் கெடும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, மறுசுழற்சி செய்வோர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். அத்தகையோரிடமே கொடுத்து, பற்றுச்சீட்டும் கேட்டு வாங்குவோம்.

நம் துறைகளின் அலுவலகக் கணினிகளையும், நகலெடுக்கும் பெரிய இயந்திரங்களையும் மறந்துவிடலாகாது. அவ்வியந்திரங்கள் பலவற்றினுள்ளும் வன்தட்டு உண்டு. ஏலத்துக்கு அனுப்புமுன் அவை துடைக்கப்பட்டனவா என்று கேட்பது மாணவராகிய நம் கடமை. அவற்றில் இருப்பவை நம்முடைய செய்திகளே.