தவணை முறையில் கார் விற்பனையும் விற்பவரின் சட்டப் பாதுகாப்பும்

தவணை முறையில் கார் விற்பனை என்பது, பயன்படுத்திய காரின் விலையில் ஒரு பகுதியை முன்பணமாகப் பெற்று வண்டியை ஒப்படைத்துவிட்டு, மீதியை மாதத் தவணைகளாக வாங்கிக்கொள்ளும் ஏற்பாடாகும். வங்கிக் கடன் கிடைக்காதவர்களுக்கு இது வசதியானது. பெரும்பாலும் உறவினர், நண்பர், உடன் பணிபுரிபவர், பழக்கமான ஓட்டுநர் ஆகியோருக்கிடையே நடைபெறுவதால் எழுத்து வேலை குறைவாகவும் நம்பிக்கை மிகுதியாகவும் இருக்கும். இந்தியச் சட்டப்படி இத்தகைய விற்பனையில் விற்பவர் தம்மைக் காத்துக்கொள்ளும் வழிகள் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

ஆர்.சி.யைக் கையில் வைத்திருக்கும் வழக்கம்

"கடைசித் தவணை முடியட்டும், அப்போது பெயர் மாற்றிக்கொள்ளலாம்" என்று கூறி ஆர்.சி. புத்தகத்தைத் தம்மிடமே வைத்துக்கொள்வது விற்பவர்களின் பொதுவான வழக்கம். இது பாதுகாப்பு போலத் தோன்றினாலும், உண்மையில் விற்பவருக்குப் பெரிய ஆபத்து இங்கேதான் உள்ளது. மோட்டார் வாகனச் சட்டம், 1988, யார் பெயரில் வாகனம் பதிவாகியுள்ளதோ அவரையே உரிமையாளர் என்று வரையறுக்கிறது. பணம் யார் கொடுத்தார், சாவி யாரிடம் உள்ளது என்பவை விபத்து இழப்பீட்டு வழக்கில் விற்பவரைக் காப்பாற்றுவதில்லை.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்று இதைத் தெளிவாக்கியது. அவ்வழக்கில் பதிவு உரிமையாளர் 2007-லேயே காரை விற்றுவிட்டார். பெயர் மாற்றப்படாமலே வண்டி அடுத்தடுத்துப் பலர் கைக்குப் போனது. 2009-ல் விபத்து நேர்ந்தது. காரை எப்போதோ விற்றுவிட்டதாக அவர் சொன்னதை உயர் நீதிமன்றம் ஏற்றபோதிலும், உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று முடிவாயிற்று. விபத்தில் பாதிக்கப்பட்ட குடும்பம் கைமாறிய ஒவ்வொருவரையும் தேடி அலைய முடியாது என்பதே இதன் காரணம். அந்த நியாயத்தை மறுப்பதும் கடினம்.

இழப்பீடு மட்டுமன்று, சிக்னலைத் தாண்டியதற்கான அபராதம் விற்றவரின் கைப்பேசிக்கே வரும். வாங்கியவரின் 16 வயது மகன் வண்டியை ஓட்டிப் பிடிபட்டாலும், 2019 திருத்தத்தின்படி பெற்றோர் அல்லது உரிமையாளர் மீது வழக்கு உண்டு; 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். கார் கடத்தலுக்குப் பயன்பட்டால் காவல்துறை முதலில் வருவதும் ஆர்.சி.யில் உள்ள முகவரிக்கே.

விற்பவர் ஏற்கெனவே வங்கிக் கடனில் வாங்கிய காரை, "மீதி டியூவை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள்" என்று ஒப்படைப்பது இதனினும் மோசமானது. வங்கியின் எழுத்துப்பூர்வமான சம்மதமின்றி அந்த ஆர்.சி.யில் பெயர் மாற்ற இயலாது. வாங்கியவர் டியூ கட்டத் தவறினால் கடன்காரராக நிற்பவர் விற்றவரே. வண்டியும் கையில் இராது. கடனை முழுவதும் அடைத்து, வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் பெற்ற பிறகே இத்தகைய காரைத் தவணைக்கு விற்க வேண்டும்.

விற்பனையா, வாடகைக் கொள்முதலா

பணம் முழுவதும் வராதவரை வண்டி தம்முடையதே என்று விற்பவர் எண்ணுகிறார். சரக்கு விற்பனைச் சட்டம், 1930 அப்படி எண்ணுவதில்லை. நிபந்தனையற்ற விற்பனையில், விலை பின்னால் தரப்படுவதாக இருந்தாலும், உரிமை உடனே வாங்குபவருக்கு மாறிவிடக்கூடும். விலை வராத விற்பனையாளருக்குப் பொருளைப் பிடித்து வைக்கும் உரிமை உண்டு. ஆனால் பொருளை ஒப்படைத்ததும் அந்த உரிமை போய்விடுகிறது. இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. வாங்க ஒப்புக்கொண்டு வண்டியைப் பெற்றவர், அதை விவரம் அறியாத மூன்றாம் நபருக்கு விற்றால், 30-ஆம் பிரிவின்படி அந்த மூன்றாம் நபரின் உரிமை செல்லுபடியாகலாம்.

இதிலிருந்து தப்பும் வழி ஒரு பியானோ வழக்கில் பிறந்தது. இங்கிலாந்தில் மாத வாடகைக்குப் பியானோ எடுத்த ஒருவர், தவணை முடியுமுன் அதை அடகு வைத்துவிட்டார். அவர் பியானோவை வாங்கியே தீரவேண்டும் என்ற கட்டாயம் ஒப்பந்தத்தில் இல்லை, எப்போது வேண்டுமானாலும் திருப்பித் தரலாம். ஆகவே அவர் வாங்க ஒப்புக்கொண்டவர் அல்லர், அடகுக்காரருக்கு உரிமை இல்லை என்று 1895-ல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. வாடகைக் கொள்முதல் என்னும் முறை வலுப்பெற்றது இந்தத் தீர்ப்பால்தான். இந்தியாவில் வாடகைக் கொள்முதலுக்கென 1972-ல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் நடைமுறைக்கே வராமல் 2005-ல் நீக்கப்பட்டது. எனவே இன்றும் ஒப்பந்தச் சட்டமும் தீர்ப்புகளுமே வழிகாட்டி. தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, உள்ளே என்ன ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது என்பதையே நீதிமன்றங்கள் பார்க்கின்றன.

பெயர் மாற்றமும் எச்.பி. பதிவும்

பெயரை மாற்றிக் கொடுப்பதும், அதே ஆர்.சி.யில் விற்பவரின் உரிமையைப் பதிவதுமே விற்பவருக்குச் சிறந்த பாதுகாப்பு. பேச்சு வழக்கில் இதை எச்.பி. போடுவது என்பர். பெயர் மாற்றத்திற்கு 29, 30 ஆகிய படிவங்களும், எச்.பி. பதிவுக்குப் படிவம் 34-உம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தரப்படுகின்றன. ஒரே மாநிலத்திற்குள் விற்றால் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிப்பது சட்டப்படி கடமை. ஆகவே ஆர்.சி.யைப் பூட்டி வைக்கும் வழக்கம் இந்த விதிக்கும் முரணானது.

எச்.பி. பதிவானபின் 51-ஆம் பிரிவு விற்பவரின் பக்கம் நிற்கிறது. அவருடைய எழுத்துப்பூர்வச் சம்மதமின்றி வாகனத்தை வேறொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. அடுத்து வாங்க வருபவர் ஆர்.சி.யைப் பார்த்தாலே பாக்கி இருப்பது தெரிந்துவிடும்; "எனக்குத் தெரியாது" என்று சொல்ல இடமில்லை. மறுபுறம், இத்தகைய ஒப்பந்தத்தில் உள்ள வாகனத்திற்கு அதைக் கையில் வைத்திருப்பவரே உரிமையாளர் என்று சட்டம் கொள்வதால், விபத்துப் பொறுப்பும் விற்றவரை விட்டு விலகுகிறது.

51-ஆம் பிரிவு நிறுவனங்களை மட்டும் குறிப்பிடவில்லை. ஒப்பந்தம் செய்துகொண்ட "நபர்" என்றே பேசுகிறது. ஆயினும் அலுவலக நடைமுறையும் இணையப் பதிவும் நிதி நிறுவனங்களை மனத்தில் வைத்தே அமைந்திருப்பதால், தனிநபர் பெயரில் எச்.பி. பதிய இயலுமா என்று முன்பணம் வாங்குவதற்கு முன்பே அலுவலகத்தில் கேட்டறிவது நல்லது. இயலாவிட்டால், வாங்குபவரை ஒரு நிதி நிறுவனத்தில் கடன் பெறச் சொல்லி முழுத் தொகையையும் வாங்கிவிடலாம். வட்டி அவருக்குக் கூடும், ஆனால் விற்பவருக்கு நிம்மதி.

காப்பீட்டையும் இங்கேயே முடித்துவிட வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு வாகனத்துடன் சேர்ந்து மாறுவதாகச் சட்டம் கருதுகிறது. வண்டியின் சொந்தச் சேதத்திற்கான காப்பீடு அவ்வாறு மாறாது. வாங்கியவர் 14 நாட்களுக்குள் விண்ணப்பித்துத் தம் பெயருக்கு மாற்ற வேண்டும். வரவேண்டிய பாக்கிக்கு ஈடாக இருப்பது இந்தக் காரே என்பதால், பாலிசியிலும் விற்பவரின் பெயரைக் குறிப்பிடச் செய்வது பயன் தரும்.

எழுத்தும் காசோலையும்

ஒப்பந்தத்தில் எஞ்சின் எண், சேசிஸ் எண், மொத்த விலை, முன்பணம், ஒவ்வொரு தவணையின் தேதி, எத்தனை தவணை தவறினால் பாக்கி முழுவதும் உடனே தரவேண்டும், அப்போது வண்டியை எப்படித் திரும்ப ஒப்படைப்பது ஆகியவை இருக்க வேண்டும். ஒப்படைத்த நாளும் நேரமும் எழுதிய டெலிவரி ரசீது தனியாக வேண்டும். அந்த நேரத்திற்குப் பின் நடந்தது எவருடைய பொறுப்பு என்பதற்கு அதுவே சான்று. நோட்டரி முத்திரை கையெழுத்தை உறுதி செய்யுமே தவிர, குறையுள்ள ஒப்பந்தத்தை நிறைவாக்காது.

தொகை எழுதாத ஒற்றைக் காசோலையை வாங்கி வைப்பது வீண். 4 லட்சம் ரூபாய் காருக்கு 1.5 லட்சம் முன்பணம், மீதி 25,000 வீதம் பத்துத் தவணை என்று கொள்வோம். நான்கு தவணை வந்தபின் அந்தக் காசோலையில் 2.5 லட்சம் எழுதி வங்கியில் போட்டால் வழக்கு நிற்காது. அன்றைய பாக்கி 1.5 லட்சமே. காசோலை அளிக்கப்படும் நாளில் உள்ள கடனையே தொகை குறிக்க வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. தவணைக்கு ஒன்றாகத் தேதியிட்ட பத்துக் காசோலைகளே சரி. திரும்பிய காசோலைக்கு, தகவல் வந்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ், 15 நாள் அவகாசம், அதன்பின் ஒரு மாதத்திற்குள் புகார் என்ற வரிசை தவறக்கூடாது. ரொக்கத்திலும் கவனம் தேவை. ஒரே விற்பனைக்காக 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் தடை விதிக்கிறது. தவணையாகப் பிரித்தாலும் விற்பனை ஒன்றே.

தவணை தவறினால்

மாற்றுச் சாவியுடன் இரவில் சென்று வண்டியை எடுத்து வருவதே பலருக்கு முதலில் தோன்றும் யோசனை. சொந்தப் பொருளையே ஒருவர் திருட முடியும் என்பது பலருக்குத் தெரியாது. அடகு வைத்த தன் கடிகாரத்தைக் கடனை அடைக்காமல் எடுத்து வருபவர் திருட்டுக் குற்றம் செய்கிறார் என்று குற்றவியல் சட்டமே எடுத்துக்காட்டு தருகிறது. ஒப்பந்தத்தில் மீட்கும் உரிமை இருந்தாலும், அடியாட்களை வைத்தோ மிரட்டியோ மீட்பதை நீதிமன்றங்கள் ஏற்பதில்லை.

காவல் நிலையத்தில் பெரும்பாலும் "இது சிவில் விவகாரம்" என்ற பதிலே கிடைக்கும். எனவே வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பி, உரிமையியல் நீதிமன்றத்தில் பாக்கிக்கு வழக்குத் தொடுத்து, வண்டியை விற்கவோ மறைக்கவோ கூடாதென இடைக்காலத் தடை கேட்பதே வழி. இதற்கு மூன்றாண்டுக் கால வரம்பு உண்டு. எச்.பி. பதிவு இருந்து, வண்டி முறையாகத் திரும்பக் கைக்கு வந்தபின் வாங்கியவர் ஆர்.சி.யைத் தர மறுத்தாலோ தலைமறைவானாலோ, படிவம் 36 வழியே விண்ணப்பித்தால், அவருக்கு வாய்ப்பளித்தபின் பதிவு அதிகாரி விற்பவர் பெயரில் புதிய ஆர்.சி. வழங்கலாம்.

தவணைகள் ஒழுங்காக முடிந்தால் விற்பவருக்கும் ஒரு கடமை உண்டு. படிவம் 35-ல் கையெழுத்திட்டு எச்.பி.யை நீக்க உதவி, பயன்படாமல் எஞ்சிய காசோலைகளைத் திருப்பித் தந்து, பாக்கி இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.