எதிரணியை எடைபோடுதல்

எதிரணியின் ஆட்டத்தை ஒருமுறை கண்டுவிட்டாற் போதுமென எண்ணுவார் உளர். இங்கிலாந்து உதைபந்தாட்ட அணியினரும் அவ்வாறே எண்ணினர் போலும். 1953 ஆம் ஆண்டு நவெம்பர் 25 ஆம் நாள் வெம்பிளி அரங்கில் ஹங்கேரி அவர்களை 6–3 என வென்றது. ஹங்கேரியின் நடு முன்னணி வீரர் ஹிடெக்குட்டி, 9 ஆம் இலக்கச் சட்டை அணிந்திருந்தும், முன்வரிசையில் நில்லாது பின்வாங்கி ஆடினார். இங்கிலாந்தின் நடுக்காவலர் ஜோன்ஸ்ரன் அவரைத் தொடர்ந்து சென்றாற் கோல்வாயிலின் முன் வெளி உண்டாகும்; செல்லாவிடின் அவர் தடையின்றிப் பந்தைப் பெறுவார். அவரே மூன்று கோல்களைப் போட்டார். ஆறு மாதத்தின் பின் புடாபெஸ்டில் மீண்டும் மோதியபோது தோல்வி 7–1 ஆயிற்று. கண்டும் பயனில்லை!

மேற்கு ஜேர்மனியின் பயிற்சியாளர் ஹெர்பெர்கர் செய்தது வேறு. 1954 உலகக் கிண்ணப் போட்டியின் முதற்சுற்றில், முதன்மை வீரர் பலரை ஓய்விலிருத்தி ஹங்கேரியிடம் 8–3 எனத் தோற்றார். நாட்டவர் ஏசினர். யூலை 4 ஆம் நாள் பேர்ண் நகரில் நடந்த இறுதியாட்டத்திலோ, ஹிடெக்குட்டியைத் தொடரும் பொறுப்பை இடைநிலை வீரர் எக்கெலிடம் ஒப்படைத்தார். நடுக்காவலர் தம்மிடம் விட்டுப் பெயரவேண்டிய தேவை இல்லாதொழிந்தது. 8 நிமிடத்துள் ஹங்கேரி இரு கோல்களால் முந்தியது. 18 ஆம் நிமிடத்தில் ஆட்டம் சமமாயிற்று. அன்று பெய்த மழையும், புஸ்காஸின் காலிற்பட்டிருந்த காயமும் ஜேர்மனிக்குத் துணைநின்றமையை மறைத்தலாகாது. 84 ஆம் நிமிடத்தில் ரான் அடித்த கோலால் ஜேர்மனி 3–2 எனக் கிண்ணத்தைக் கைப்பற்றியது.