ஒரு வளைவு, நூறு படங்கள்!

சேலத்தில் இருந்து ஏற்காடு செல்லும் சாலையில் ஒரு வளைவு நிற்கிறது. "மாடர்ன் தியேட்டர்ஸ்" இருந்த இடம் அது. ஒரு காலத்தில் அங்கே அரண்மனை எழும்பியது, போர்க்களம் அதிர்ந்தது! எல்லாம் சினிமாவுக்காக.

திருச்செங்கோட்டுக்காரர்

1935-ல் இந்த நிறுவனத்தைத் தொடங்கியவர் டி.ஆர்.சுந்தரம். திருச்செங்கோட்டைச் சேர்ந்தவர். இங்கிலாந்து சென்று நெசவுத் தொழில் படித்தவர்.

முதல் படம் "சதி அகல்யா", 1937-ல் வந்தது. புராணக் கதை. மறு ஆண்டு வந்த "பாலன்", மலையாளத்தின் முதல் பேசும் படம்!

இரண்டு சின்னப்பா!

ஒரே ரகமான கதையை இந்த நிறுவனம் எடுத்துக்கொண்டிருக்கவில்லை. 1940-ல் "உத்தமபுத்திரன்" என்ற ராஜா கதை வந்தது. அதில் பி.யு.சின்னப்பாவுக்கு இரட்டை வேடம்.

அப்போது கம்ப்யூட்டர் கிடையாது. இரட்டை வேடம் என்றால், பிலிமில் பாதியை மறைத்து ஒரு முறை படம் பிடிப்பார்கள். பிறகு பிலிமைத் திருப்பிச் சுற்றி, மறுபாதியில் இன்னொரு முறை பிடிப்பார்கள். கொஞ்சம் பிசகினாலும் எல்லாம் வீண்!

1945-ல் போர்க் கதையான "பர்மா ராணி" வெளியாயிற்று. ஜப்பானிய ராணுவ அதிகாரியாக சுந்தரமே நடித்தார்.

வில்லனா, கதாநாயகனா?

1950-ல் வந்தது "மந்திரிகுமாரி". எம்.ஜி.ஆர். நடித்தார், மு.கருணாநிதி வசனம் எழுதினார். குண்டலகேசி கதையைத் தழுவிய படம். கொல்ல நினைத்த கணவனை மலையில் இருந்து மனைவியே தள்ளும் காட்சி இதில்தான்!

அதே ஆண்டில் "திகம்பர சாமியார்" என்ற துப்பறியும் படம். பின்னாளில் வில்லனாகப் புகழ் பெற்ற எம்.என்.நம்பியார் இதில் கதாநாயகன். எத்தனை மாறுவேடம்!

1956-ல் "அலிபாபாவும் 40 திருடர்களும்" முழு நீள வண்ணப்படமாக வந்தது. தமிழில் அதுவே முதல்.

சுந்தரம் 1963-ல் காலமானார். பிறகும் படங்கள் வந்தன. 1966-ல் ஜெய்சங்கர் நடித்த "வல்லவன் ஒருவன்" அவற்றில் ஒன்று.

எப்படிப் பார்ப்பது?

எல்லாப் படத்தையும் ஒரே படியால் அளக்கக் கூடாது. "மந்திரிகுமாரி"யில் வசனத்துக்குக் காது கொடுக்க வேண்டும். "உத்தமபுத்திர"னில் இரண்டு வேடத்துக்கும் நடையும் பார்வையும் எப்படி மாறுகின்றன என்று கவனிக்க வேண்டும். துப்பறியும் படத்தில், குற்றவாளி யார் என்று குழந்தைகளைக் கேட்டுப் பாருங்கள். வீடே கலகலப்பாகி விடும்!

"பாலன்" படத்தை இன்று யாரும் பார்க்க முடியாது. பிரதி அழிந்துவிட்டது. சில புகைப்படங்கள் மிச்சம்.

ஒரு படம் பிழைத்திருப்பது பெட்டியில் மட்டும் அல்ல, பார்ப்பவர் கண்ணிலும்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை பாட்டியும் பேரனும் சேர்ந்து ஒரு பழைய படம் பார்க்கட்டும்!