புதுசா வேலை பார்த்த அம்பாசடர் எஞ்சின் புகை தள்ளுதா? மறுபடி பிரிக்கும் முன் இதையெல்லாம் பாருங்க!

பாளையங்கோட்டையில் என் மாமா வீட்டு வாசலில் நிற்கும் அம்பாசடர், 1978 மாடல் மார்க் 3. அம்மாவின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு நடந்தது அந்த வண்டியில்தான். நாலு வருடம் ஷெட்டில் தூங்கிய வண்டிக்குப் போன வருடம் மாமா முழு எஞ்சின் வேலை பார்த்தார். ரீபோர், ஓவர் சைஸ் பிஸ்டன், புது ரிங், புது பேரிங் என்று பெரிய செலவு.

வண்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே சிக்கல். ஸ்லோவில் நின்றால் பானெட்டே குலுங்கும். சைலன்சரில் புகை. வேலை பார்த்த இடத்தில் கேட்டால், ``மறுபடி எஞ்சினை இறக்கிப் பார்க்கணும்'' என்றார்கள். ஆர்.சி. புதுப்பிக்க வேண்டிய தேதி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. 15 வருடம் தாண்டிய கார்களுக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தல் உண்டு. அதற்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். இந்தப் புகையோடு போனால் சான்றிதழ் கிடைக்காது.

``வித்துரலாமா?'' என்று மாமா முதல்முறையாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

கடைசி முயற்சியாக வண்ணார்பேட்டையில் அம்பாசடர் வேலையிலேயே தலை நரைத்த ஒரு மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனோம். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. முதலில் வண்டியின் பின்னால் போய் நின்றார். ``எஞ்சினைப் பிரிக்கது கடைசி வேலை சார். முதல்ல புகை என்ன சொல்லுதுன்னு பாப்போம்'' என்றார்.

அன்றைக்கு அவர் வரிசையாகச் செய்தவற்றை, பழைய வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் உதவும் என்பதால் இங்கே தருகிறேன்.

புகைக்கு மூன்று நிறம்

கறுப்பு: பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. சோக் கேபிள் முழுதாகத் திரும்பாதது, கார்புரேட்டரில் ஃப்ளோட் மட்டம் ஏறியிருப்பது, நீடில் வால்வு சரியாக மூடாதது, ஏர் ஃபில்டர் அடைப்பு... இவைதான் வழக்கமான காரணங்கள். இதற்காக எஞ்சினைத் தொடவே வேண்டாம்.

நீலம்: எஞ்சின் ஆயில் எரிகிறது. இதில் எப்போது வருகிறது என்பது முக்கியம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்தாக வந்து நின்றுவிட்டால் வால்வு சீல், வால்வு கைடு மீது சந்தேகம். ஆக்ஸிலரேட்டரை மிதித்து இழுக்கும்போதெல்லாம் தொடர்ந்து வந்தால் ரிங் அல்லது போர். ஆயிலை டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றியிருந்தாலும் நீலம் வரும்.

வெள்ளை: மார்கழிக் காலையில் கொஞ்ச நேரம் வந்து மறைந்தால் வெறும் நீராவி. எஞ்சின் சூடான பிறகும் அடர்த்தியாக வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த காபி மாதிரி படிந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். ரேடியேட்டர் மூடியை எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே திறக்க வேண்டும்.

கைடா, ரிங்கா என்று பிரித்தறிய அண்ணாச்சி ஈரடுக்கு மேம்பாலத்தைப் பயன்படுத்துகிறார். பாலத்தில் இறங்கும்போது கியரிலேயே விட்டு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். கீழே வந்ததும் மிதிப்பார். அந்த நேரத்தில் மட்டும் நீலப் புகை குப்பென்று வந்தால் கைடு வழியாக ஆயில் இறங்குகிறது என்று அர்த்தம். பின்னால் பைக்கில் வந்து பார்த்துச் சொல்லும் வேலை எனக்கு!

எங்கள் வண்டியில் வந்தது கறுப்பும் லேசான நீலமும். சோக் கேபிள் கால்வாசி இழுத்த நிலையிலேயே சிக்கி நின்றிருந்தது. அதைச் சரிசெய்ததும் கறுப்பு போய்விட்டது. குலுக்கல் மட்டும் போகவில்லை.

எந்த சிலிண்டர் வேலைக்கு வரவில்லை?

எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது, ரப்பர் பிடி உள்ள குறடால் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். (ஷாக் அடிக்கும். அனுபவம் இல்லாதவர்கள் செய்ய வேண்டாம்.) ஒழுங்காக வேலை செய்யும் சிலிண்டரின் ஒயரைக் கழற்றினால் எஞ்சின் தடுமாறும். மூன்றாவதைக் கழற்றியபோது எந்த மாற்றமும் இல்லை. ``மூணாம் நம்பர் சம்பளம் மட்டும் வாங்குது, வேலைக்கு வரல'' என்றார்.

அடுத்து பிளக், சி.பி. பாயின்ட் இடைவெளி, கண்டென்சர், ஒயர் வரிசை. அம்பாசடரின் 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சின், பிரிட்டிஷ் பி.எம்.சி. நிறுவனத்தின் `பி சீரிஸ்' வகை. அதன் ஃபயரிங் வரிசை 1-3-4-2. எஞ்சின் இறக்கி ஏற்றும்போது ஒயர் மாறிப்போவது சகஜமாம். எங்களுடையதில் அதெல்லாம் சரியாகவே இருந்தது.

கம்ப்ரெஷன் டெஸ்ட்: பிரிக்கணுமா, வேண்டாமா?

எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, காயில் இணைப்பைத் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தபடி செல்ஃப் அடித்துப் பார்த்தார். 1, 2, 4 ஆகியவற்றில் 120 பி.எஸ்.ஐ. சுற்றி. மூன்றாவதில் 90.

மாமா முகம் வாடிவிட்டது. அண்ணாச்சி பிளக் ஓட்டை வழியே மூன்றாவது சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தார். ஆயில் விட்டதும் பிரஷர் நன்றாக ஏறினால் ரிங்கில் கசிவு. ஏறாவிட்டால் வால்வில் கசிவு. ஏறவில்லை.

``ரிங்கு, போர் எல்லாம் நல்லா இருக்கு சார். பயப்படாதீய'' என்றார். மாமா அப்போதுதான் உட்கார்ந்தார்.

வால்வு கவரைத் திறந்து ஃபீலர் கேஜ் விட்டால், மூன்றாவது சிலிண்டர் எக்ஸாஸ்ட் வால்வில் இடைவெளியே இல்லை. எஞ்சின் வேலைக்குப் பிறகு ஹெட் நட்டுகளை மறுபடி டைட் வைத்திருக்கிறார்கள், டேப்பட் சரிபார்க்கவில்லை. ஹெட் அழுந்தும்போது ராக்கர் செட்டும் சேர்ந்து கீழே இறங்கும். இடைவெளி குறையும். வால்வு முழுதாக மூடாமல் கசியும். அப்படியே ஓட்டினால் வால்வு கருகிவிடும். அது நடந்திருந்தால் ஹெட்டைக் கழற்றாமல் வழியில்லை.

இந்த எஞ்சினுக்கு டேப்பட் இடைவெளி, சூட்டில் 15 தவ். அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு. சரிபார்க்க `9 கணக்கு' உண்டு. 8-வது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது 1-வதை வைக்க வேண்டும், 7-வது திறந்திருந்தால் 2-வதை. கூட்டினால் எப்போதும் 9 வர வேண்டும். 8 டேப்பட்டையும் வைத்து முடித்ததும் மூன்றாவது சிலிண்டரின் பிரஷர் மற்றவற்றுக்குச் சமமாக வந்தது.

`காத்து இழுக்குது!'

குலுக்கல் பெருமளவு நின்றாலும், ஸ்லோ ஏறி ஏறி இறங்கியது. கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே எங்கோ காற்று புகுகிறது என்றார். சிலர் இதைக் கண்டுபிடிக்க பெட்ரோலைப் பீய்ச்சிப் பார்ப்பார்கள். அம்பாசடரில் அதைச் செய்யவே கூடாது. கார்புரேட்டரும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம். தீப்பிடித்துவிடும். அண்ணாச்சி எஞ்சின் ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்து, ஸ்பிரே பாட்டிலில் வெறும் தண்ணீர் அடித்தார். மேனிஃபோல்டு பேக்கிங்கின் ஓர் ஓரத்தில் தண்ணீர் பட்டதும் எஞ்சின் சத்தம் மாறியது. புது பேக்கிங் போட்டதும் ஸ்லோ நிலையாக நின்றது.

ஷெட்டில் ஓட விடாதீங்க

மீதி இருந்த லேசான நீலப் புகைக்குக் காரணம் நாங்களேதான். `ரன்னிங் இன்' என்று நினைத்து, மாமா தினமும் ஒரு மணி நேரம் வண்டியை ஷெட்டிலேயே ஓட விட்டிருக்கிறார். சுமை இல்லாமல் ஸ்லோவில் ஓடினால் புது ரிங் சிலிண்டர் சுவரோடு ஒட்டிப் பழகாது. சுவர் கண்ணாடிபோல வழவழப்பாகி ஆயில் மேலே ஏறும். அதைவிட ஆபத்து, மூடிய ஷெட்டில் சேரும் கார்பன் மோனாக்சைடு. வாசனையே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும்.

``ரோட்டுல ஓட்டுங்க. வேகத்தை மாத்தி மாத்தி ஓட்டுங்க'' என்றார். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம் வரை வாரம் ஒருமுறை போய் வந்தோம். 500 கிலோமீட்டரில் ஆயில் மாற்றி, டேப்பட் மறுபடி பார்த்தோம். நீலப் புகை குறைந்துகொண்டே வந்தது.

எஞ்சின் வேலைக்கு முன் கேளுங்க

* 2000-ம் ஆண்டிலிருந்து இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் கிடையாது. பழைய எஞ்சின்களின் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுக்கு அந்த ஈயம்தான் பாதுகாப்பாக இருந்தது. ஹெட் வேலை பார்க்கும்போதே கடின சீட் போடச் சொல்லுங்கள்.
* இப்போதைய பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் இருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப் டயஃப்ரம் இதற்குத் தாங்காது. மாற்றிவிடுங்கள்.
* மாதக்கணக்கில் நிற்கப்போகும் வண்டியில் பழைய பெட்ரோலை விட்டு வைக்காதீர்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், ஜெட் அடைக்கும்.

உத்தர்பாராவில் 1950-களின் இறுதியில் தொடங்கிய அம்பாசடர் தயாரிப்பு 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டது. இனி புதிதாக ஒன்று வராது. இருப்பதைத்தான் காப்பாற்ற வேண்டும்.

மாமாவின் வண்டி புகைப் பரிசோதனையில் தேறிவிட்டது. ஆர்.சி.யும் புதுப்பித்தாகிவிட்டது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது இன்னும் ஒரு சின்ன நீலக் கொத்து வருகிறது. ``வால்வு சீலு. அவசரமில்ல, அடுத்த சர்வீஸ்ல பாப்போம்'' என்கிறார் அண்ணாச்சி. விற்பது பற்றி மாமா அதன் பிறகு பேசவே இல்லை.